பெரட்டில் விடுபட்ட பெயர்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன், பனி விலகாத இருட்டில், கிராணியார் செக்ரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பெயர் வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவருக்கு அன்று வேலை உண்டு, நிரை உண்டு, கூலி உண்டு. வாசிக்கப்படாதவர் லயத்துக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான். அவர் அங்கேதான் நின்றிருப்பார். கையில் கத்தி இருக்கும், உடம்பில் வலு இருக்கும். ஆனாலும் ஏட்டில் பெயர் வராததால் அன்றைக்கு அவர் இல்லாதவர்.

பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. நம்மவர்களில் பெரும்பாலோர் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். ஆனால் பெரட்டு நம்மை விடவில்லை. அது கைப்பேசிக்குள் வந்து குடியேறியிருக்கிறது. முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் என்று நம் பிள்ளைகள் ஓயாமல் பார்க்கும் தளங்களில், யாருடைய படத்தை யாருக்குக் காட்டுவது என்று ஓர் இயந்திரம் நொடிக்கு நொடி பெயர் வாசித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஏட்டில் நம் பெயர் விடுபட்டால் நாம் போடும் படம் நம் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். பார்க்கத்தான் ஆள் இருக்காது.

இது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று எண்ணிவிடாதீர்கள். பலகாரம் செய்து விற்பவர்கள், சட்டை தைப்பவர்கள், பூ கட்டுபவர்கள், மருதாணி இடுபவர்கள் என்று நம் பெண்கள் எத்தனையோ பேர் இன்று இத்தளங்களை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் என் அண்ணி. அவருக்கு நேர்ந்ததையும், அதிலிருந்து அவர் மீண்ட விதத்தையும் இங்கே சொல்கிறேன். மற்ற சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதுதான் காரணம்.

கைகள் மட்டும் தெரிந்த கணக்கு

அண்ணி 1984இல், தம் 17ஆவது வயதில், பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தவர். 1999 வரை 15 ஆண்டுகள் வெட்டினார். தோட்டம் கைமாறியதும் அண்ணனும் அவரும் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் காவலாளி வேலைக்குப் போனார். அண்ணி இரவுச் சந்தையில் முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி விற்றார். 2016இல் அண்ணன் காலமான பிறகு அந்தச் சந்தைக் கடைதான் குடும்பத்துக்குத் துணை.

2020 மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததல்லவா? இரவுச் சந்தை மூடப்பட்டது. பிசைந்த மாவுக்கு வாங்குவார் இல்லை. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இளைய மகள்தான் சமூக ஊடகம் ஒன்றில் அம்மாவின் பலகாரத்துக்கென ஒரு கணக்கைத் திறந்தாள். எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. இதில் எல்லாத் தளமும் ஏறக்குறைய ஒரே குணம்தான்.

அண்ணி கூச்ச சுபாவம். முகம் காட்ட மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே மகள் கைகளை மட்டும் படம் பிடித்தாள். தேங்காய்ப்பால் விட்டு மாவு பிசையும் கை, குழலை அழுத்தும் கை, எண்ணெயில் முறுக்கைத் திருப்பிப் போடும் கை. அந்தச் சலசலப்புச் சத்தத்தைக் கேட்டே ஜொகூரிலிருந்தும் கேமரன் மலையிலிருந்தும் ஆட்கள் கேட்டு எழுதினார்கள். மூன்று ஆண்டுகளில் அக்கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் 4,200 பேர். ஒரு படம் போட்டால் 3,000 பேர் பார்ப்பது சாதாரணமாயிற்று. மகள் தனியார் கல்லூரியில் தாதியர் படிப்பில் சேர்ந்ததும் அந்த முறுக்கை நம்பித்தான்.

குறை தேடிய நாள்கள்

2023 செப்டம்பர் இரண்டாவது வாரம். புதிய ஆட்களிடமிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. படம் போட்டால் பார்வை சில நூறைத் தாண்டவில்லை. தீபாவளியோ நவம்பர் 12. மளிகைக் கடையில் மாவும் எண்ணெயும் 1,400 வெள்ளிக்குக் கடனாக எடுத்தாயிற்று. கல்விக்கடன் போக மீதிக் கட்டணத்தைக் கல்லூரியில் கட்ட வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்க்கப் போனபோது அண்ணி அடுக்களையில் புதிதாக மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, என் கைப்பக்குவம் கெட்டுப்போச்சோ? உப்பு கூடிப்போச்சுன்னு யாராச்சும் நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பாங்களோ?" என்று கேட்டார்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த வாரத்தில் மட்டும் அவர் இரண்டு முறை மாவின் அளவை மாற்றியிருக்கிறார். எண்ணெய் வாங்கும் கடையை மாற்றியிருக்கிறார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்து, "உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். குறையே இல்லாத முறுக்கில் குறை தேடிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். ஆள் வராவிட்டால் தப்பு நம்மிடம்தான் என்று எண்ணுவது நம் பெண்களுக்கு எப்படியோ பழகிப்போன ஒன்று. பணக் கவலையைவிட இந்த எண்ணம்தான் என் மனத்தை அதிகம் வருத்தியது.

சாவி கேட்டவன்

இந்த நேரத்தில் ஒருவன் தானாகவே தகவல் அனுப்பினான். "உங்கள் கணக்கு நிழல் தடையில் விழுந்திருக்கிறது. 350 வெள்ளி கொடுத்தால் மூன்றே நாளில் மீட்டுத் தருகிறேன். கடவுச்சொல்லை அனுப்புங்கள்" என்றான். நிழல் தடை என்பது மக்கள் வைத்த பெயர். கணக்கை மூடாமல், சொல்லாமல் கொள்ளாமல், அதை மற்றவர் கண்ணில் படாதபடி ஒதுக்கி வைப்பதை அப்படிச் சொல்கிறார்கள். அண்ணி அரிசி டின்னுக்குள் வைத்திருந்த பணத்தை எண்ணி வைத்துவிட்டார்.

"முன்பின் தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா?" என்றார்.

"கடவுச்சொல்லும் சாவிதான்" என்றேன். பணம் மறுபடியும் அரிசி டின்னுக்கே போயிற்று.

வாசகர்கள் இதை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். தளத்தின் உள்ளே பெயர் வாசிக்கும் இயந்திரத்தை முடுக்கிவிட வெளியாள் எவனிடமும் திருகாணி கிடையாது. கடவுச்சொல் கையில் கிடைத்தால் அவன் அதை மாற்றி நம்மை வெளியே தள்ளுவான். பிறகு நம் பெயரிலேயே நம் வாடிக்கையாளர்களிடம் முன்பணம் வாங்குவான். கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் எவருக்கும் சொல்லக் கூடாது. யாரேனும் ஏற்கெனவே பணத்தை மாற்றிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்கும், 2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு லாபம்.

எண்கள் சொன்ன உண்மை

நான் பள்ளி அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் இருப்பவள். பேரேட்டைப் பார்க்காமல் நட்டம் என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். ஆகவே அண்ணி மகளை அழைத்து, "அம்மாவின் கணக்கில் புள்ளி விவரப் பக்கம் இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது. சாதாரணக் கணக்கை வியாபாரக் கணக்காக மாற்றிக்கொண்டால் பெரும்பாலான தளங்கள் இப்பக்கத்தை இலவசமாகவே காட்டுகின்றன. ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், அவர்களில் ஏற்கெனவே நம்மைப் பின்தொடர்பவர் எத்தனை, புதியவர் எத்தனை என்று அது பிரித்துக் காட்டும்.

ஆகஸ்டு மாதத்துப் படம் ஒன்றையும் செப்டம்பர் மாதத்துப் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினோம். ஆகஸ்டில் பின்தொடர்பவர்கள் 900 பேர் பார்த்திருந்தார்கள். புதியவர்கள் 2,100 பேர். செப்டம்பரில் பின்தொடர்பவர்கள் 640, புதியவர்கள் 9.

ஒன்பதே பேர்! விஷயம் அங்கேதான் இருந்தது. தெரிந்தவர்கள் ஓரளவு குறைந்திருந்தாலும் பெரும்பாலோர் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வெளியார் வரும் வாசல் மட்டும் அடைபட்டிருந்தது. "அண்ணி, உங்கள் முறுக்கைத் தின்று பார்த்தவர்கள் எவரும் உங்களை விட்டுப் போகவில்லை. தின்று பார்க்காதவர்களுக்குத்தான் உங்களைக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள். சுவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று தாளைக் காட்டிச் சொன்னேன். அண்ணி அந்த ஒன்பதை விரலால் தொட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து மாவின் அளவை மாற்றவில்லை.

பார்வை குறைந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு எண்ணும் சேர்ந்து மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் பருவமோ, போட்டியோ, நம் படங்கள் சலித்துப்போனதோ காரணமாக இருக்கலாம். புதியவர் எண் மட்டும் ஒரே நாளில் பாதாளத்துக்கு இறங்கியிருந்தால் தளம் நம்மைப் பரிந்துரைப்பதை நிறுத்தியிருக்க வாய்ப்புண்டு. நோய் தெரியாமல் மருந்து குடிக்கலாமா?

கத்தி செய்த குற்றம் என்ன?

அடுத்து, அமைப்புகள் பகுதிக்குள் போய் ‘கணக்கு நிலை’ என்னும் பக்கத்தைத் தேடச் சொன்னேன். பல தளங்களில் இப்படி ஒரு பக்கம் வந்துவிட்டது. இன்ஸ்டாகிராம் 2022 டிசம்பரிலிருந்து, வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அவர்களுடைய பதிவுகள் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படத் தகுதி உள்ளவையா என்பதை இப்பக்கத்தில் காட்டி வருகிறது. தகுதியில்லை என்று கண்டால் அப்பதிவைத் திருத்தலாம், நீக்கலாம், அல்லது மறுபரிசீலனை கேட்கலாம்.

எங்கள் தளத்திலும் அத்தகைய பக்கம் இருந்தது. திறந்தால், ஒரு படத்தின் மேல் எச்சரிக்கைக் குறி. ஆங்கிலத்தில் மூன்று வரி. அறிவிப்பு முன்பே வந்து ஒரு மூலையில் கிடந்திருக்கிறது. பலகார வேலையும் படிப்புமாக இருக்கிற வீட்டில் யார் அதைத் திறந்து படிப்பார்கள்?

அந்தப் படம் ஆகஸ்டு 31ஆம் நாள், சுதந்திர தினத்தன்று போட்டது. அண்ணியின் பழைய பால்வெட்டுக் கத்தி. பரணில் துணி சுற்றி வைத்திருந்ததை எடுத்துத் துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்திருந்தாள் மகள். "இதைப் பிடித்த கைதான் இன்று முறுக்கு பிழிகிறது. சுதந்திர தினச் சலுகை, ஒரு போத்தல் 15 வெள்ளி" என்று கீழே எழுதியிருந்தாள். கத்தியையும் விலையையும் ஒன்றாகக் கண்ட இயந்திரம், இவர்கள் ஆயுதம் விற்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டது. படத்தை நீக்கவில்லை. ஆனால் கணக்கையே ‘பரிந்துரைக்கத் தகாதது’ என்று ஒதுக்கி வைத்துவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட கருவி. அதைப் பார்த்தறியாத ஓர் இயந்திரத்தின் கண்ணுக்கு அது கொலைக் கருவியாகத் தெரிந்திருக்கிறது.

"அத்தை, படத்தை அழித்துவிட்டால் சீக்கிரம் சரியாகிவிடும்" என்றாள் மகள்.

அதுவரை பேசாமல் இருந்த அண்ணி நிமிர்ந்தார். "அழிக்கிறதா? அது என்னம்மா குத்தம் பண்ணுச்சு? அந்தக் கத்திதான் உங்க அக்காமாரைப் படிக்க வெச்சிச்சு. எழுதிக் கேளு. அவங்களுக்குத் தெரியலைன்னா நாமதான் சொல்லிக் கொடுக்கணும்."

மறுபரிசீலனை கேட்கும் இடத்தில் காரணம் எழுத ஒரு சிறு கட்டம் இருந்தது. எல்லாத் தளமும் அப்படி இடம் தருவதில்லை; சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்துவதோடு சரி. மகள் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாள். அண்ணி கேட்டதால் அதைத் தமிழில் சொன்னாள்: "இது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் கருவி. விற்பனைக்கு அன்று. இதைக்கொண்டு 15 ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர் என் தாய். விலை குறித்திருப்பது அவர் செய்யும் முறுக்குக்கு."

"அவ்வளவுதான். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்றார் அண்ணி.

ஆறாம் நாள் குறி நீங்கியது. கத்தியும் அங்கேயே இருக்கிறது.

முறையீடு எழுதுவோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. திட்டி எழுதுவதிலும் கெஞ்சி எழுதுவதிலும் பயனில்லை. படத்தில் இருப்பது என்ன, விதி ஏன் அதற்குப் பொருந்தாது என்பதை மட்டும் சுருக்கமாக எழுத வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உண்மையிலேயே விதியை மீறிய படமாக இருந்தால் வாதாடாமல் எடுத்துவிடுவதே நல்லது.

எல்லாக் குறைவும் தடை அன்று

குறி நீங்கிய மறுநாளே 2,100 பேர் திரும்பி வந்துவிடவில்லை. முதல் வாரம் 60, அடுத்த வாரம் 200. தீபாவளி நெருங்கும்போது 700. பழைய எண் அந்த ஆண்டு முடியும்வரை திரும்பவே இல்லை. ஏன்?

இத்தளங்களின் போக்கு தெரிந்தால் இது விளங்கும். ஒரு காலத்தில் யார் முதலில் போட்டாரோ அவர் படம் முதலில் தெரிந்தது. இன்ஸ்டாகிராம் 2016இல் அந்தக் கால வரிசையை விட்டுவிட்டு, பார்ப்பவருக்கு எது பிடிக்கும் என்று இயந்திரம் கணித்து அடுக்கும் முறைக்கு மாறியது. 2018 ஜனவரியில் முகநூலின் தலைவர் மார்க் சக்கர்பர்க், இனி உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கே முன்னிடம் என்றும், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே தெரியும் என்றும் வெளிப்படையாகவே அறிவித்தார். அன்றைக்குப் பார்வை இழந்த எத்தனையோ சிறு கடைக்காரர்கள் எந்தத் தடையிலும் விழுந்தவர்கள் அல்லர். பெரட்டின் முறையே மாறியதுதான் காரணம்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி 2021இல் இன்னொன்றையும் விளக்கினார். நம்மைப் பின்தொடர்பவர்களில் பெரும்பாலோர் நாம் போடுவதைப் பார்ப்பதே இல்லையாம். அவர்கள் தங்கள் முன் ஓடும் பதிவுகளில் பாதியைக்கூடப் பார்த்து முடிப்பதில்லை என்பதே காரணம். ஆகவே 4,200 பேர் பின்தொடர்ந்தால் 4,200 பேரும் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடுவது தவறு. கோயில் திருவிழாவுக்கு ஊரே வந்தாலும் நம் கடை வாசலில் நிற்பவர் சிலர்தானே?

மீண்டும் பழகுவித்தல்

இயந்திரம் நம்மை மறுபடி நம்புவதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் செய்ய வேண்டியதும் வேண்டாததும் உண்டு. நாங்கள் கடைப்பிடித்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலாவது, பதறிப்போய்ப் பழைய கணக்கைப் போட்டுவிட்டுப் புதியது திறக்க வேண்டாம். மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த நல்ல பெயரை வீசியெறிந்துவிட்டு வெறுங்கையோடு தொடங்குவதாகும் அது.

இரண்டாவது, பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்க வேண்டாம். ஆயிரம் பேர் இத்தனை வெள்ளி என்று விற்கிறார்கள். அவை பெரும்பாலும் ஆளில்லாப் பெயர்கள். அவர்கள் முறுக்கும் வாங்கப் போவதில்லை, படமும் பார்க்கப் போவதில்லை. பார்க்காத கூட்டம் பெருகப் பெருக, இவருடைய படம் யாருக்கும் பிடிக்கவில்லை போலும் என்றே இயந்திரம் எண்ணும். தளங்களின் விதிக்கும் அது விரோதம்.

மூன்றாவது, "பிடித்தால் விருப்பக் குறி போடு, ஐந்து நண்பர்களைச் சுட்டு" என்று பிச்சை கேட்கும் பதிவுகள் வேண்டாம். முகநூல் 2017 டிசம்பரிலேயே இத்தகைய பதிவுகளைக் கீழே இறக்குவதாக அறிவித்துவிட்டது. கேட்பதானால் உண்மையான கேள்வி கேளுங்கள். "உங்கள் வீட்டில் முறுக்குக்கு எள்ளா, ஓமமா?" என்று அண்ணி மகள் ஒருமுறை கேட்டாள். 80 பேர் பதில் எழுதினார்கள். தைப்பிங்கில் இருந்து ஒரு பாட்டி தம் மாமியார் காலத்துச் செய்முறையையே எழுதி அனுப்பினார்.

நான்காவது, பிறர் எடுத்த படத்தை எடுத்துப் போட வேண்டாம். ஒரு தளத்தின் முத்திரை பதிந்த காணொளியை இன்னொரு தளத்தில் அப்படியே போடுவதும் பயன் தராது. அப்படிப்பட்டவற்றைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021இல் அறிவித்தது. 2024 ஏப்ரலில் மேலும் ஒருபடி சென்று, நகலைவிட அசலை எடுத்தவருக்கே முன்னிடம் தருவதாகச் சொன்னது. நமக்கு இது நல்ல செய்தி. அண்ணியின் கையைவிட அசல் எது இருக்க முடியும்?

ஐந்தாவது, எழுதியவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். "நன்றி அக்கா", "நாளைக்கு அனுப்புகிறேன் தம்பி" என்று ஒரு வரி போதும். ஒரு நாளைக்குப் பத்துப் படம் போட்டு ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருப்பதைவிட, வாரத்துக்கு மூன்று படம் போட்டு வந்தவரோடு நாலு வார்த்தை பேசுவது மேல். இரவுச் சந்தையில் செய்ததும் அதுதானே?

ஆறாவது, இரட்டைச் சரிபார்ப்பு என்னும் பாதுகாப்பைப் போட்டு வைக்க வேண்டும். பார்வையைப் பெருக்கித் தருகிறேன் என்று சொல்லிக் கணக்கோடு இணைத்துக்கொண்ட வேற்றுச் செயலிகள் இருந்தால் துண்டித்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

555 புத்தகம்

அந்தத் தீபாவளிக்கு அண்ணியைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், மேலே சொன்ன எதுவும் இல்லை. ஒரு 555 புத்தகம்.

மளிகைக் கடைக் கடன் எழுத நாம் எல்லாரும் வைத்திருந்தோமே, அந்தச் சின்னப் புத்தகம்தான். இரவுச் சந்தை நாளிலிருந்தே அண்ணிக்கு ஒரு பழக்கம். வாங்குபவரின் பெயர், கைப்பேசி எண், எந்த ஊர், எந்தப் பலகாரம் பிடிக்கும் என்று நாலு வார்த்தை குறித்து வைப்பார். "கூலிம் டீச்சர், அதிரசம், வெல்லம் குறைவா" என்று அவருடைய கோணல் எழுத்தில் இருக்கும். இணையத்தில் வந்தவர்களையும் அப்படியே எழுதி வந்திருக்கிறார். மகள்கூட, "எல்லாம் கைப்பேசியில் இருக்கே, ஏம்மா எழுதுறீங்க?" என்று கேலி செய்வாளாம். ஏழு புத்தகங்கள் சேர்ந்திருந்தன.

முறையீட்டுக்குப் பதில் வராத அந்த ஆறு நாளில் ஏழு புத்தகத்தையும் பாயில் பரப்பி உட்கார்ந்தோம். நான் எண்ணை வாசிக்க, மகள் புலனத்தில் எழுத, என்ன எழுதுவது என்று அண்ணி சொல்லிக்கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே அச்சு வாசகமாக அனுப்பவில்லை. கூலிம் டீச்சருக்கு அதிரசத்தைப் பற்றி, ஈப்போக்காரருக்கு ஓமப்பொடியைப் பற்றி. பதில்கள் உடனே வந்தன. "அக்கா, கடையை மூடிட்டீங்களோன்னு நெனச்சேன். ரொம்ப நாளா கண்ணுலயே படலையே!" என்று பல பேர் எழுதியிருந்தார்கள். அண்ணி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவர்கள் வெறுத்துப் போகவில்லை, காணாமல் தேடியிருக்கிறார்கள்.

அந்தத் தீபாவளிக்கு விற்றது 212 போத்தல். அதில் 131 போத்தல் 555 புத்தகத்திலிருந்து வந்தவை. மளிகைக் கடன் தீர்ந்தது. கல்லூரிக் கட்டணமும் நாள் தவறாமல் கட்டப்பட்டது.

இதை நான் சமூக ஊடகம் வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. அண்ணியின் கணக்கு இன்றும் நடக்கிறது; புதிய முகங்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் அது பிறர் கடையின் அஞ்சடியில் நாம் போட்டிருக்கும் மேசை. வாடகை கேட்கவில்லை என்பதால் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. கடைக்காரர் நாளைக்கே மேசையை உள்ளே தள்ளலாம், திரையும் போடலாம். அதனால் அஞ்சடியில் வந்து வாங்கியவரை அன்றைக்கே நம் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சம்மதித்து எண்ணைக் கொடுத்தால் எழுதுங்கள். அந்த எண்ணைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். தேவையில்லாமல் தொல்லை செய்யாதீர்கள்.

அம்மாவுக்கோ அக்காவுக்கோ கணக்கு நடத்திக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எண் குறையும்போது அதைக் கைப்பேசிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் கவலைப்படாதீர்கள். கணக்கு நிலைப் பக்கத்தைத் திறந்து, அங்கே எழுதியிருப்பதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஆள் வராததற்குக் காரணம் தெரியாதபோது நம் பெண்கள் முதலில் தங்கள் கையைத்தான் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க ஒரு தாளும் நாலு எண்ணும் போதும். அதைச் செய்துவிட்டு, வரும் வழியில் ஒரு 555 புத்தகமும் வாங்கி வந்து கொடுங்கள்.